பத்திரமும் பூக்குழியும்: சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் யாருடையது?

2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு புதிய சிலைகள் நின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் அங்கே கரையிறங்கி 200 ஆண்டு நிறைந்ததற்கான கொண்டாட்டம் அது. சாங் நீல உத்தமன், தான் டொக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரோடு நாலாவதாக நின்றவர் நாராயண பிள்ளை. சில நாட்களுக்கென்று வைத்தவை, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சில நாட்களில் ஒரு பழைய வழக்கம் அரசாங்க முத்திரையோடு உறுதியானது. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை நாராயண பிள்ளையிலிருந்து தொடங்குவது, அவருடைய வரலாற்றைச் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் முடிப்பது என்பதே அந்த வழக்கம்.

கோயில் மலர்களும் விழா மேடைப் பேச்சுகளும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கதை பொய்யில்லை. ஒரு கோயிலை அதைத் தொடங்கியவரின் பெயரோடும் குடமுழுக்குத் தேதிகளோடும் நிறுத்திக்கொண்டால் நடுவில் இருந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கோயிலைப் பற்றி இரண்டு வகைச் சான்றுகள் நம்மிடம் உள்ளன. ஒன்று காகிதம்: நில ஒதுக்கீடு, பத்திரம், சட்டம், வாரியம். இன்னொன்று சடங்கு. காகிதத்தில் பெயர் ஏறாதவர்கள் சடங்கில் இருக்கிறார்கள்.

முதலில் காகிதத்தைப் பார்த்துவிடலாம்.

நாராயண பிள்ளை பினாங்கில் கம்பெனி அரசின் எழுத்தராக இருந்தவர். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது அதே ‘இந்தியானா’ கப்பலில் வந்து சேர்ந்தார். கஜானாவில் நாணயங்களின் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. நம் ஊர்ச் சொல்லில் நோட்டக்காரர். ஊரில் ஆளுக்கொரு வீடு கட்ட வேண்டியிருக்கிறது, செங்கல் இல்லை என்பதைக் கண்டுகொண்டு செங்கல் சூளை போட்டார். பிறகு துணிக்கடை வைத்தார். 1822-ல் கடை தீயில் போயிற்று. கடன்காரர்கள் நெருக்க, ராஃபிள்ஸிடம் முறையிட்டு வணிகச் சதுக்கத்தில் மனை வாங்கி மறுபடி எழுந்தார். கோயில் கட்டும் முயற்சியும் இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவிலேதான் நடந்தது.

கோயிலுக்கென்று முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயர் வீதியில். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. கடற்கரை ஓரம் அது. ‘ஆயர்’ என்றால் மலாயில் தண்ணீர், ஆனால் அந்தத் தண்ணீர் அம்மனுக்கு ஆகாது. அபிஷேகத்துக்கு, கரகத்துக்கு, விரதக்காரர் தலைமுழுக, எல்லாவற்றுக்கும் நன்னீர் வேண்டும். 1821-ல் ஸ்டாம்ஃபர்டு கால்வாய்ப் பக்கம் வேறு இடம் கிடைத்தது. மறு வருடமே வந்த நகரத் திட்டம் அந்தப் பகுதியை வேறு உபயோகத்துக்கு ஒதுக்கிவிட்டது. 1823-ல் மூன்றாவதாகக் கிடைத்ததுதான் சவுத் பிரிட்ஜ் சாலை மனை. 1827-ல் மரச் சட்டமும் அத்தாப்பு ஓலையுமாக ஒரு கோயில் எழுந்தது. உள்ளே வைத்த அம்மனுக்குச் சின்ன அம்மன் என்று பெயர். இன்றும் மூலஸ்தானத்தில் அவளைக் காணலாம்.

இந்த இரண்டு இட மாற்றங்களையும் ‘தடைகளைத் தாண்டிய பக்தி’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு வேறொன்று தெரிகிறது. கோயில் எங்கே நிற்கலாம் என்பதை முதல் நாளிலிருந்தே முடிவு செய்தது அரசாங்கத்தின் வரைபடம். நிலத்தைக் கொடுத்ததும் அரசாங்கமே, மாற்றியதும் அரசாங்கமே. பிற்காலத்தில் கோயில் நிர்வாகத்துக்குள் அரசு நுழைந்தது என்று நாம் பேசும்போது, அது வெளியிலிருந்து வந்த ஒன்று போலப் பேசுகிறோம். மனை ஒதுக்கிய அன்றே அது உள்ளே இருந்தது.

1831-ல் தனியார் ஒருவர் பக்கத்து நிலத்தைத் தானமாகக் கொடுக்க, கோயில் விரிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும் கல் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஓலை போய்ச் செங்கல் வந்தது 1840களில்; இன்று நாம் காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1860களில் உருவானது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்களின் வேலை அது. இந்தியக் கைதிகளின் உழைப்பும் அதில் உண்டு என்று நம்பப்படுகிறது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களின் தண்டனைக் குடியேற்றமாகவும் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்களே என்பதற்கு ஆவணங்கள் உண்டு. பகலில் வெள்ளைக்காரர் கும்பிடும் மாளிகைக்குச் சுண்ணாம்பு குழைத்தவர்களில் சிலர், ஓய்வு வேளையில் தங்கள் அம்மனுக்கும் ஒரு சுவர் எழுப்பியிருந்தால் அதில் வியப்பில்லை. சிங்கப்பூர் 1973 ஜூலையில் அறிவித்த முதல் தேசியச் சின்னங்களின் வரிசையில் அந்தத் தேவாலயமும் இந்தக் கோயிலும் சேர்ந்தே இடம்பெற்றன.

கோபுரம் பிந்தியது. 1903-ல் மூன்று நிலையில் ஒல்லியாக ஒன்று இருந்தது. இன்றுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925-ல் எழுந்தது. மதில்மேல் படுத்திருக்கும் பசுக்களைப் பார்த்துக்கொண்டு சாலையில் போகும் சுற்றுலாப் பயணிகள் கேட்கும் முதல் கேள்வி, சைனாடவுன் நடுவில் இந்தக் கோயில் எப்படி என்பதுதான். கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும். கோயில் வந்தபோது அந்த வட்டாரம் இப்படி ஒரே இனத்தின் பெயரால் அறியப்படவில்லை. சில வீடுகள் தள்ளி அதே சாலையில் ஜாமியா பள்ளிவாசல் நிற்கிறது. சூலியர்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1826-ல், அதாவது கோயிலுக்கு ஒரு வருடம் முன்னால், தொடங்கியது அது. தெலுக் ஆயரில், அம்மனுக்கு ஒத்துவராத அந்தத் தெருவில், நாகூர் ஆண்டவருக்கு தர்கா எழுந்தது. சோழ மண்டலக் கடற்கரையின் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து வந்து இறங்கியது போல.

தெருப் பெயர்களைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். கோயிலின் ஒரு பக்கம் பகோடா தெரு. அந்தப் ‘பகோடா’ நம் கோபுரம்தான். மறுபக்கம் டெம்பிள் தெரு. பகோடா தெருவைச் சீனர்கள் ‘கிளிங் கோயிலுக்கு முன்னால்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கலிங்கத்திலிருந்து வந்து இந்தியரைக் குறித்த அந்தக் ‘கிளிங்’ என்ற சொல் பின்னாளில் வசவாகிப் போனது வேறு கதை. தமிழர்களும் தங்கள் பங்குக்குத் தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய ஆல்பர்ட் தெருவுக்கு அவர்கள் சொன்ன பெயர் தீமிதித் திடல். எந்த நகரத் திட்ட வரைபடத்திலும் இல்லாத பெயர் இது. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் வரலாற்றைத் தெருவின் பெயராக எழுதி வைத்தார்கள்.

கோயில் அந்தக் காலத்தில் பூஜைக்கு மட்டும் திறந்த இடமாக இல்லை. கப்பலில் புதிதாக வந்திறங்கியவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை படுத்துக்கொண்ட இடம் இதுவே. இந்துத் திருமணங்களை முறைப்படி நடத்திப் பதிவு செய்யும் அதிகாரமும் ஒரு காலத்தில் இந்தக் கோயிலுக்கு இருந்தது. ஊரில் சாதிக்காரரும் சொந்தக்காரரும் கூடிச் செய்கிற காரியத்துக்கு இங்கே சாட்சி வேண்டியிருந்தது. சாட்சியாக அம்மனும் பதிவேடும் போதும் என்றாயிற்று.

இப்படிச் சொத்தும் அதிகாரமும் சேர்ந்த இடத்தில் தகராறு வராமல் இருக்குமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் கோயில், பள்ளிவாசல் சொத்துகள் தர்மகர்த்தாக்களின் கையில் பாழாகின்றன என்ற புகார்கள் வலுத்தன. 1905-ல் ஒரு சட்டம் வந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ‘முகமதியர், இந்து அறக்கட்டளை வாரியம்’ அமைந்தது. மாரியம்மன் கோயில் வாரியத்தின் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டு வாசகர் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சென்னை மாகாணத்தில் கம்பெனி அரசு கோயில்களை நேரடியாக மேற்பார்வை செய்துவந்து, கிறிஸ்தவ மிஷனரிகளின் எதிர்ப்பால் பின்வாங்கி, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முழுதாகக் கைகழுவியது. மறுபடி அரசு சார்ந்த ஒரு வாரியம் அங்கே வந்தது நீதிக்கட்சி ஆட்சியில், 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆக, இன்று அறநிலையத்துறை பற்றி நாம் போடும் சண்டையின் ஒரு சிறிய முன்னோட்டம் கடல் கடந்த தீவில் இருபது ஆண்டு முன்பே நடந்துவிட்டது. சிங்கப்பூரில் அந்தச் சண்டை அவ்வளவாக எழாததற்கு, அங்கே கோயிலுக்கென்று நிலைத்த மடமோ பரம்பரை மிராசோ ஊன்றிப்போகாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் கூட்டு வாரியம் பிரிந்தது. 1968-ல் இயற்றிய சட்டத்தின்படி 1969 மே முதல் தேதி இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது. மாரியம்மன் கோயிலோடு சீனிவாசப் பெருமாள் கோயில், சிவன் கோயில், வைராவிமட காளியம்மன் கோயில் ஆகிய நான்கும் அதன் பொறுப்பு. இந்த வரலாற்றை விரிவாகத் தோண்டியவர் சமூகவியலாளர் வினீதா சின்ஹா. 2011-ல் வெளிவந்த அவருடைய நூல், மதத்தில் தலையிடமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே காலனி அரசு எப்படிக் கோயில் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது என்பதை அக்கால ஆவணங்களிலிருந்து காட்டுகிறது. அந்த நூலைப் படித்தபின் ‘நாராயண பிள்ளை கட்டிய கோயில்’ என்ற ஒற்றை வரியில் யாரும் நிம்மதியாக நிற்க முடியாது.

எல்லாக் கோயிலும் இந்த வழியில் போகவில்லை. டேங்க் சாலையில் செட்டியார்கள் 1859-ல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அவர்களிடமே இருக்கிறது; வட்டிக்கடைக் கணக்கில் தேர்ந்தவர்களுக்குக் கோயில் கணக்கு பாரமாக இல்லை. சிலோன் சாலையின் செண்பக விநாயகர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர், கணக்கர் வேலைக்கு வந்தவர்களின் கோயில். இலங்கைத் தமிழர் சங்கம் நடத்துகிறது. கோலாலம்பூரில் தம்புசாமிப் பிள்ளை 1873-ல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பத்தின் கோயிலாகவே இருந்து, 1920களின் இறுதியில்தான் அறங்காவலர்களின் பொறுப்புக்கும் பொதுமக்களுக்கும் வந்தது. ஒருவகையில் பார்த்தால் ஓர் இனக்குழுவோ ஒரு குடும்பமோ உறுதியாகப் பிடித்துக்கொண்ட கோயில் அவர்களிடம் தங்கியது. எல்லோரும் வந்துபோன சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயில் யாருக்கும் தனியாகச் சொந்தமாகவில்லை. அதனால் அரசிடம் போனது.

இனி சடங்கு.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் இங்கே தீமிதி நடக்கிறது. 1840 முதல் நடப்பதாகக் கோயில் வரலாறு. மாரியம்மன் கோயிலில் நடந்தாலும் விழா நாயகி மாரியம்மன் இல்லை, திரௌபதி. இந்தச் சின்ன முரணில்தான் கோயிலின் இன்னொரு வரலாறு ஒளிந்திருக்கிறது. செஞ்சியை நடுவாக வைத்துப் பழைய தென்னார்க்காட்டிலும் தஞ்சைக் கரையோரத்திலும் பரவியது திரௌபதி வழிபாடு. பல மாதம் பாரதம் படிப்பார்கள், தெருக்கூத்து ஆடுவார்கள், கடைசியில் படுகளமும் தீமிதியும். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-லும் 1991-லும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் இந்த வழிபாட்டை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவை. எங்கிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறதோ, அந்தக் கடலூர், நாகப்பட்டினக் கரையும் இந்த வழிபாட்டு நிலத்துக்குள்ளேயே வருகிறது.

அதனால் நான் இப்படி வாசிக்கிறேன். காகிதம் ஒரு பிள்ளையை நினைவு வைத்திருக்கிறது. சடங்கோ ஒரு வட்டாரத்தையே நினைவு வைத்திருக்கிறது. கொற்றனாகவும் கூலியாகவும் கைதியாகவும் வந்தவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஊரில் தங்கள் அம்மனுக்கு எந்த வரிசையில் என்ன செய்வார்களோ அதை இங்கே செய்தார்கள். ஆடியில் கொடியேற்றம், பிறகு திரௌபதி திருமணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, படுகளம் என்று பாரதத்தின் கட்டங்கள் மாதக் கணக்கில் நடந்தேறி, கடைசியில் குழி மிதிக்கும் நாள் வருகிறது. கோயிலுக்குள் திரௌபதிக்குத் தனிச் சன்னிதி உண்டு, பாண்டவர் ஐவரும் கூட. அரவானும் இருக்கிறார், தலை மட்டுமாக, மீசையோடு.

லாரன்ஸ் பாப் என்ற மானிடவியலாளர் 1974-ல் இந்த விழாச் சுற்றைப் பற்றி எழுதிய சிறு ஆய்வின் தலைப்பே பூக்களின் மேல் நடப்பது என்ற பொருளில் அமைந்தது. நல்ல காதுக்காரர். நெருப்புக் குழியை நம்மவர்கள் பூக்குழி என்கிறார்கள், மிதிப்பதைப் பூமிதி என்கிறார்கள், குழிக்குள் போவதை இறங்குவது என்கிறார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் கங்கு பூவாகிவிடும் என்பது நம்பிக்கை. குழியைக் கடந்ததும் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைப்பார்கள்.

சிங்கப்பூரில் ஆண்களே குழி இறங்குகிறார்கள். பெண்கள் கும்பிடுதண்டம் இடுகிறார்கள், குழியைச் சுற்றி வருகிறார்கள். நெருப்பில் நடந்து தன்னை நிரூபித்தவள் ஒரு பெண் என்ற கதையின் பெயரில் நடக்கும் விழாவில் பெண்ணுக்கு அந்தக் குழி மட்டும் இல்லை என்பது என்னை உறுத்தாமல் இருந்ததில்லை. தமிழ்நாட்டில் பண்ணாரி போன்ற எத்தனையோ அம்மன் கோயில்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள். மரபு என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது. கடல் கடந்தபோது எந்த மரபு கப்பல் ஏறியது, எது வாரியத்தின் விதிப் புத்தகத்தில் உறைந்தது என்று யாராவது தனியாக ஆராய வேண்டும்.

இந்தச் சடங்குகளுக்கு எதிர்ப்பும் தமிழர்களிடமிருந்தே வந்தது. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-ல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ தொடங்கியது. காவடியும் தீமிதியும் தமிழனைப் பிற இனத்தார்முன் தலைகுனிய வைக்கின்றன என்பது சீர்திருத்தக்காரர்களின் வாதம். அதில் சாதி ஒழிப்பு, தீண்டாமை எதிர்ப்பு என்ற நியாயமான சீற்றம் இருந்தது. ஆனால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்ற கூச்சமும் கொஞ்சம் கலந்திருந்தது. சங்கத்தின் பிரசாரத்தால் எத்தனையோ மாறின, தீமிதி நிற்கவில்லை. படித்தவர்கள் எழுதிய தலையங்கங்களை விடக் கூலிக்காரரின் வேண்டுதல் கெட்டியாக இருந்தது.

தேசியச் சின்னமாகிவிட்ட பின் இந்தக் கோயிலின் நிலை மற்றக் கோயில்கள் பலவற்றுக்குக் கிடைக்காத பாக்கியம். 1960களுக்குப் பின் சிங்கப்பூர் நகரச் சீரமைப்பில் எத்தனையோ கோயில்கள் இடம் பெயர்ந்தன. தோட்டங்களிலும் ரயில்பாதை ஓரங்களிலும் தொழிலாளர் வைத்த முனீஸ்வரன்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து புதிய மனைகளுக்குப் போனார்கள். அதே வாரியத்தின் கீழிருந்த சிவன் கோயிலே பெருவிரைவு ரயிலுக்காக 1983-ல் ஆர்ச்சர்டு சாலை இடத்தை விட்டு, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கத்தில் பத்தாண்டு ஒதுங்கியிருந்து, 1993-ல்தான் கேலாங் கிழக்கில் குடியேறியது. மாரியம்மன் அசையவில்லை. நாராயண பிள்ளை மூன்று முறை இடம் தேடியது வீண்போகவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அசையாமல் இருப்பதற்கும் விலை உண்டு. தேசியச் சின்னத்தில் சுண்ணாம்பு அடிப்பதற்கும் முறை இருக்கிறது. 2023 பிப்ரவரி 12-ஆம் தேதி நடந்த குடமுழுக்குக்கு முன் சுமார் 35 லட்சம் வெள்ளி செலவில் ஓராண்டு திருப்பணி நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்தார்கள். 1860களில் வந்தது போலவே, இந்த முறை வேலை அனுமதிச் சீட்டோடு. குடமுழுக்கு அன்று சுமார் இருபதாயிரம் பேர் திரண்டார்கள். அப்போது துணைப் பிரதமராக இருந்த லாரன்ஸ் வோங்கும் வந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கோயிலைப் புதுப்பிக்கச் சொல்கிறது ஆகமம். பழையதைப் பழையபடி காக்கச் சொல்கிறது தொல்சின்னச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் வாரியம் நடக்கிற நடையும் ஒரு குழி இறங்கல்தான்.

அப்படியானால் கோயில் யாருடையது? நிலப் பதிவேட்டைக் கேட்டால் ஒரு பதில். இந்து அறக்கட்டளைச் சட்டத்தைக் கேட்டால் இன்னொரு பதில். தீமிதி அன்று சிராங்கூன் சாலையில் நின்றால் மூன்றாவது ஒன்று தெரியும். வேண்டிக்கொண்டவர்கள் அங்கே பெருமாள் கோயிலில் கூடுகிறார்கள். பெருமாள் திரௌபதிக்கு அண்ணன் முறை. துகில் உரிந்த அன்று துணை வந்தவன். தங்கையின் குழிக்கு அண்ணன் வீட்டிலிருந்து புறப்படுவது பொருத்தந்தான். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, கோவிந்தா என்ற முழக்கம். சிங்கப்பூரில் பிறந்த கணினிப் பொறியாளரும், கட்டுமானத் தளத்தில் வேலை செய்துவிட்டு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த அரியலூர்க்காரரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். சுமார் நாலு கிலோமீட்டர். வழியில் பள்ளிவாசலைத் தாண்டி, பகோடா தெருவின் முனையைத் தாண்டி, கோபுர வாசலில் நுழைகிறார்கள். உள்ளே கங்குகளைச் சமன்செய்துகொண்டிருப்பவர்கள் நகர்ந்து வழி விடுகிறார்கள். கரகம் ஏந்திய பூசாரி முதலில் இறங்குகிறார்.